பவுலின் கையில் மைக்

லிந்துலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சித்திரைப் புத்தாண்டு கிரிக்கெட் போட்டி என்றால் பவுலின் குரல்தான். எந்த அணி அடுத்து ஆடுகிறது, யாருக்குப் பிறந்தநாள், யாருடைய பிள்ளை ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் போய்க் காணாமல் போனது, எல்லாம் அவள் மைக்கில் சொன்னால்தான் ஊர் காது கொடுக்கும்.

கொழுந்துக் கூடை மாட்ட மாட்டேன் என்று பதினெட்டு வயதில் சொல்லிவிட்டு பஸ் ஏறியவள் அவள். தலவாக்கலையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பண்டிகைக் காலத்தில் கடை வாசலில் மைக் பிடித்து ஆள் கூப்பிடுவாள். ரோட்டில் சும்மா போகிறவர்கள்கூட உள்ளே வந்து ஒரு சட்டையாவது எடுக்காமல் போகமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசகம் வாசிப்பதும் அவள்தான். முப்பத்தைந்து வயதாகிறது, குரலை வைத்தே பிழைத்துக் காட்டிவிட்டாள்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தது நாட்டில் சண்டை நடந்த காலம். பையன்கள் டவுனுக்குப் போனால், பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று திரும்பி வரும்வரை வீட்டில் இருப்பவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுவதென்றால் பொலிசுக்கு நடையாய் நடக்கவேண்டும். சண்டை முடிந்தது, ஊரே தலைகீழாக மாறிவிட்டது. இப்போது மைதானத்தில் ஆளுயர ஸ்பீக்கர், டிஜே, போனில் நேரலை. பையன்களின் தலைமுடியில் இல்லாத வண்ணம் கடையிலும் இல்லை. ஆனால் பெண்களுக்கு மட்டும் அன்று போலவே தேங்காய் துருவும் போட்டியும், பாட்டு நின்றதும் ஓடி உட்காரும் சங்கீதக் கதிரையும்!

பெண்பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பள்ளிக்கூட அணியில் ஆடியவர்களும், கொழும்புக்கு வேலைக்குப் போய் வந்தவர்களுமாகச் சேர்ந்து, மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று தோட்டத்தின் இரண்டு பிரிவுக்கும் அணி கட்டினார்கள். இரண்டு வருடமாக அவர்களுக்கு ஒரு மேட்ச் தருவதாகச் சொன்னார் போட்டியை நடத்தும் கழகத்தின் தலைவர் செல்லசாமி. இரண்டு வருடமும் அதைப் பைனலுக்குப் பின்னால் போட்டார். பைனல் முடியும்போது பனி இறங்கிவிடும். பந்தும் தெரியாது, பந்து போடுகிறவளும் தெரியாது. செல்லசாமி கெட்டவர் இல்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் இளைஞர் கழகத்துக்கு அவர்தான் தலைவர் என்றால் ஆளைப் புரிந்துகொள்ளுங்கள்.

இந்த வருடமும் அதே கதைதான். கீழ்கணக்கு அணித்தலைவி நிஷாந்தி காலையிலேயே கண் கலங்கி வந்து நின்றாள்.

"அக்கா, மறுபடி கடைசியிலதான் போட்டிருக்காங்க. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். வட்டகொடைக்குப் போயிட்டா அப்புறம் நான் எங்க ஆடுறது?"

பவுலின் நேராகச் செல்லசாமியிடம் போனாள். "மாமா, செமி பைனல் முடிஞ்சதும் புள்ளைங்க மேட்ச வச்சிருவோமே."

"பைனல் முடியட்டும் புள்ள, பாப்போம்."

அவர் பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். பவுலினுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி வந்து மைக்கை எடுத்தாள்.

"அன்பார்ந்த தோட்ட மக்களே! செமி பைனல் முடிந்த கையோடு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பாக, பெண்கள் கிரிக்கெட் போட்டி! தலைவர் திரு. செல்லசாமி அவர்கள் நாணயம் சுண்டி ஆரம்பித்து வைப்பார்!"

குரல் இரண்டு கணக்குக்கும் போய்விட்டது. செல்லசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"யாரக் கேட்டுச் சொன்ன? கேன்சல்னு நீயே சொல்லு. இல்லன்னா இன்னையோட ஒனக்கும் மைக்குக்கும் ஒண்ணுமில்ல!"

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த மைக் இல்லாத ஒரு புத்தாண்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இருந்தாலும், "சொல்லமாட்டேன் மாமா" என்றாள்.

அதற்குள் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். எல்லா அணிகளுக்கும் அங்கேதான் சமையல். முன்னால் கரண்டியோடு வந்தவள் நாகலெட்சுமி, செல்லசாமியின் மனைவி.

"சோறு கறி எல்லாம் ஆயிருச்சுங்க. புள்ளைங்க ஆடி முடிச்ச பொறகுதான் பரிமாறுவோம்" என்றாள்.

பசியோடு இருந்த பையன்கள் எல்லோரும் தலைவரையே பார்த்தார்கள். அவர் விடுவாரா? இரண்டு அணியையும் எண்ணிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கீழ்கணக்குல ஒரு ஆள் கொறையுதே! எட்டுப் பேர் இல்லாம மேட்ச் கெடையாது. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்."

உண்மைதான். கீழ்கணக்கில் ஆடவேண்டிய ஜெரோமிக்கு முதலாளி லீவு நீட்டவில்லை. காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விட்டாள். நிஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

பவுலின் சுடிதார் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். மைக்கைத் தலைவரிடம் நீட்டினாள்.

"புடிங்க மாமா. எட்டாவது ஆள் நான்."

மைக்கை நீட்டினால் வாங்காமல் இருக்கச் செல்லசாமிக்குத் தெரியாது. வாங்கிவிட்டார். நாணயமும் சுண்டினார். மேல்கணக்கு பந்து போட வந்தது.

"இப்ப பந்து போட வாரது... நம்ம மாயாண்டி மக..."

"பேரு! பேரச் சொல்லுங்க!" மேட்டில் இருந்த பெண்கள் கத்தினார்கள். நாகலெட்சுமியின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

பிறந்து வளர்ந்த தோட்டம். ஒவ்வொரு லயத்து வீட்டிலும் யார் மகள், யார் பெண்சாதி என்று அவருக்கு அத்துப்படி. பேர்தான் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் மைக்கிலேயே கேட்டார்.

"ஏம்மா, ஒம் பேரென்ன?"

"சுதர்ஷினி!"

அப்படியே ஒவ்வொருத்தியிடமும் கேட்டுக் கேட்டுச் சொன்னார். அவர்களும் சிரித்துக்கொண்டே மேல்கணக்கு வரை கேட்கும்படி கத்திச் சொன்னார்கள். நிஷாந்தி பந்தைத் தேயிலைக்குள் தூக்கி அடித்தபோது மட்டும் அவர் பேர் கேட்கவில்லை. "அடிச்சிருச்சு! நிஷாந்தி அடிச்சிருச்சு!" என்று கதிரையை விட்டு எழுந்து கத்தியதில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கடைசி ஆளாக பவுலின் மட்டையோடு இறங்கினாள்.

"அடுத்து வாரது நம்ம பவுலினு" என்று ஸ்பீக்கர் கரகரத்தது. "சட்டுனு ஆடிட்டு வா புள்ள. எனக்குத் தொண்ட போச்சு. பைனலுக்கு நீதான் பேசணும்."

பவுலின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுதர்ஷினி பந்தோடு ஓடி வந்துகொண்டிருந்தாள்.