கூட்டினால் எட்டு வரும் படகு

படகு வாங்குவதென்று நான் முடிவெடுத்தபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. வோபர்னில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பல்கனியில் நின்றால் ஏரி ஒரு நீலக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பத்தொன்பது வருடம் பார்த்தது போதும், இனி அதன்மேல் போகவேண்டும் என்று ஒருநாள் தோன்றிவிட்டது. தோன்றினால் எனக்குப் பொறுக்காது. குளிர்காலம் முழுக்கப் பாய்மர வகுப்புக்குப் போனேன், கணவரையும் இழுத்துக்கொண்டு.

ஏப்ரலில் ஏரிக்கரையில், தாங்கிகளில் ஏற்றிவைத்திருந்த ஒரு வெள்ளைப் படகைக் கண்டேன். இருபத்தைந்து அடி. உள்ளே சின்ன அடுப்புக்கூட இருந்தது! விற்றவர் ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ஆசிரியர். அவர் நீட்டிய பிளாஸ்டிக் உறையில் அரசாங்க முத்திரையைக் கண்டதும், லைசென்ஸ் இருக்கிறது, போதும் என்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டு முற்பணமும் கொடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை, பின்பக்கத்தில் எழுதியிருந்த பெயர். எழுத்துகளை எண்ணாக்கிக் கூட்டினேன். எட்டு. எங்கள் ஆட்கள் எட்டு வரும் கார் நம்பரையே தொடமாட்டார்கள், நான் எட்டோடு தண்ணீரில் இறங்குவேனா? பெயரை எடுக்கலாமா என்று ஆசிரியரைக் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழிய, சுரண்டியும் கையுமாகப் போய் நின்றேன்.

"இஞ்சேரும், முதல் அந்தப் பேப்பரை வடிவாப் பாப்பம்" என்றார் கணவர்.

"கார் வாங்கேக்க வராத பயம் இப்ப என்னத்துக்கு? நீங்கள் பாருங்கோ, நான் சுரண்டுறன்."

அரை மணித்தியாலத்தில் பெயர் போய்விட்டது. நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துடைத்தபோது, காருக்குள் இருந்து வாசித்தவர் மெதுவாக இறங்கி வந்தார்.

"உது லைசென்ஸ் இல்லையப்பா. லைசென்ஸ் எண்டால் முன்பக்கத்தில ஒட்டுற நம்பர், அவ்வளவுதான். ஆர் சொந்தக்காரர் எண்டதுக்கு அது அத்தாட்சி இல்லை. இது ஒட்டாவாவில அரசாங்கப் பதிவேட்டில ஏறின படகு. வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இருக்கிற மாதிரி. பேரும் பதிவிலதான் கிடக்கு, நினைச்சபடி மாத்தேலாது. அதோட…"

"அதோட?"

"சொந்தக்காரர் ரெண்டு பேர்."

ஆசிரியரைப் பிடித்துக் கேட்டோம். மற்றவர் அவருடைய தங்கை. இருவரும் பேசி ஆறு வருடமாம். "அவள் படகைப் பற்றிக் கேட்கமாட்டாள் என்று நினைத்தேன்" என்று அவர் ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். அவளுடைய கையெழுத்து இல்லாமல் படகு எனக்கு இல்லை. எனக்கு வந்த கோபம் முழுவதும் என்மேல்தான். வாகனத் தரிப்பிடத்தில் நின்று அழுதேன், பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு அவளுடைய நம்பரை வாங்கி நானே அழைப்பு எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து படகைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றாள். துள்ளிக் குதித்தேன்.

"வந்து பேர் எங்கையெண்டு கேட்டால்?" என்றார் கணவர்.

குதிப்பு அத்தோடு நின்றது. ஆசிரியர் விற்பனை விளம்பரத்துக்குப் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, சனிக்கிழமை முழுக்க நீலப் பெயின்றும் தூரிகையுமாக நானே திரும்ப எழுதினேன். அவசரத்தில் கடைசி எழுத்து சரிந்துவிட்டது.

தங்கை வந்தாள். ஆசிரியரும் வந்திருந்தார். அவள் நேராகப் பின்பக்கம் போய் நின்றாள்.

"இது எங்கள் அம்மாவின் பெயர். யார் எழுதியது?"

"நான்தான். சுரண்டியதும் நான்தான்" என்று ஆங்கிலத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். எட்டையும் சொன்னேன்.

அவள் சரிந்த எழுத்தை விரலால் தடவினாள். "அம்மாவுக்கும் நேராக எழுத வராது" என்றாள். பின்னால் நின்ற அண்ணன் முதலில் சிரித்தார், பிறகு அவளும் சிரித்தாள். இருவரும் என் காரின் பொனற்றில் வைத்தே கையெழுத்துப் போட்டார்கள். நான் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன், முதல்நாள் பெயின்ற் போகாத கைகளாலேயே.

ஜூனில் படகை இறக்கினோம். முன்முனையில் தேசிக்காய் வெட்டிக் குங்குமம் தடவினேன். அண்ணனும் தங்கையும் கரையில் ஒன்றாக நின்று கையசைத்தார்கள்.

"பேரை மாத்த விண்ணப்பம் இருக்காம். எட்டெல்லே, போடுவமோ?" என்றார் கணவர்.

"பேசாமல் கயித்தை அவிழுங்கோ" என்றேன்.