வழியனுப்ப வந்தவர்

இன்று காலை குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறேன், இவர் வந்து கைபேசியை நீட்டுகிறார். ஸ்கொட்லாந்துத் தீவு ஒன்றுக்குப் போகும் வழி. கிளாஸ்கோவிலிருந்து ரயில், பிறகு கப்பல், இறங்கினால் பஸ், அதற்குப் பிறகு இன்னொரு சின்னப் படகு.

"ரெண்டு தரம் கடல் தாண்டவேணும். பரவாயில்லை, என்ன?"

யார் கேட்கிறது பாருங்கள்! சிரிப்பில் தேத்தண்ணி சிந்திவிட்டது.

அந்தத் தீவில் இருப்பவள் மோராக். நான் சிட்னிக்கு வந்த புதிதில் முதியோர் இல்லமொன்றில் என்னோடு வேலை செய்தவள். தீவில் பிறந்தவள் என்பதால் இங்கேயும் தீவாகவே தேடி, ஹாக்ஸ்பரி ஆற்றுக்குள் கார் ஓடாத ஒரு குட்டித் தீவில் குடியிருந்தாள். ஒரு ஞாயிறு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அப்போது எங்களிடம் கார் இல்லை. சிட்னிக்கு வெளியே இருக்கிற ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக்கூட யாராவது ஏற்றினால்தான் உண்டு. இதற்கோ ரயிலும் படகும் போதும். எனக்கு நிலைகொள்ளாத சந்தோசம், பெரிய புளுகம்.

இவருக்குத்தான் முகம் செத்துப்போனது. இவர் இந்த நாட்டுக்கு அகதியாக வள்ளத்தில் வந்தவர். அந்தப் பயணத்தை இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை, நானும் கிண்டிக் கேட்டதில்லை. "இனிச் செத்தாலும் வள்ளத்தில கால் வைக்கமாட்டன்" என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் என் ஆசையைக் கெடுக்க மனமில்லை.

"நீ பிள்ளையோட தீவுக்குப் போட்டு வா. நான் கரையில நிக்கிறன்."

வெறுங்கையோடு போகலாமா? ஒரு சட்டி நிறைய ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். ரயில் பெட்டி முழுக்க அதன் வாசம்தான். படகடியில் என் கையில் மகள் இருந்ததால், ஒரு நிமிடம்தானே என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு இவர் உள்ளே கால் வைத்தார்.

வைத்தவர் இறங்கவேண்டியதுதானே? எங்கள் ஆட்கள் விடைபெறும் அழகு உங்களுக்குத் தெரியாததா. இருந்த கதிரையில் தொடங்கி, வாசலில் நீண்டு, தெருக் கேற்றில் புதுக்கதை பிறக்கும்.

"பிள்ளைக்குத் தொப்பி போடு. சட்டி கவனம். திரும்பி வெளிக்கிடேக்க போன்ல கோல் எடு."

"ஓம், நீங்க பசி கிடவாதேங்கோ. போட்டு வாறம்."

"மோராக்கைக் கேட்டதாச் சொல்லு."

"சொல்லுறன். போட்டு வாறம்."

படகுக்காரர் இவரையும் பயணி என்றே நினைத்திருப்பார். நான் இன்னொரு 'போட்டு வாறம்' சொல்ல வாயெடுத்தபோது கரை விலகிக்கொண்டிருந்தது.

இவர் சட்டியைக் கட்டிப்பிடித்தபடி கீழே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் படகைத் திருப்பச் சொல்ல எழும்பினேன். என் கையிலிருந்து எட்டி மகள் அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். கண்ணைத் திறந்தவர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"இங்க எங்க பாத்தாலும் கரை தெரியுதப்பா."

தீவில் மோராக் தள்ளுவண்டியோடு நின்றாள். அங்கே சாமான் ஏற்ற அதுதான் வாகனம். எங்கள் சட்டி அதிலேறி ஊர்வலம் போனது. பின்னேரம் திரும்பும்போது இவர் எனக்கு முன்னாலேயே படகில் ஏறி, பிள்ளையை வாங்கக் கை நீட்டினார். அன்று எனக்கு அழுகை வந்தது.

மோராக் தன் ஊருக்கே திரும்பிவிட்டாள். எங்களிடம் இப்போது இரண்டு கார். அடுத்த மாதம் மகள் எங்களை விமான நிலையத்தில் இறக்கிவிடுவாள். அங்கே கார் நிறுத்தி நின்று கதைக்க விடமாட்டார்கள். ஆற அமர விடைபெறும் வழக்கமும் போய்விட்டது, அதில் எனக்குக் குறைதான்.

கரையில் நிற்கிறேன், நீ போட்டு வா என்று சொன்ன அந்த மனிதரும் காணாமல் போய்விட்டார். அவரை நான் தேடவில்லை.