நாற்பது தோட்டாவும் ஒரு ஆரஞ்சுத் தொப்பியும்

மார்லிஸ் ராட்டியோவுக்குக் கண் போய்விட்டது என்று ஊரில் பேச்சு. மான் வேட்டை தொடங்க மூன்றே நாள் இருக்கையில், தன் கையால் செய்த நாற்பது தோட்டாவையும் தானே அடித்துப் பிரித்துப் போட்டாராம். பக்கத்து வீட்டுக்காரரான பெட்ரோல் பங்க் வெர்லின்தான் முதலில் சொன்னார். கேட்டவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் பேச்சில் அவருக்குக் கண்ணோடு கையும் போயிருந்தது. சாப்பாட்டு வேளைக்குள் மார்லிஸுக்கு ஆளே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனிச்சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தோட்டா என்றால்தான் இந்த ஊர் பதறும்.

சரி, உண்மை என்ன என்று பார்க்கப் போனால் முதலில் வழிமறிப்பது ஒரு தொப்பி. துணி துவைக்கும் அறைதான் மார்லிஸின் பட்டறை. அதன் கதவுப்பிடியில் ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பி தொங்கினால் யாரும் உள்ளே போகக் கூடாது, துவைக்கும், உலர்த்தும் எந்த இயந்திரமும் ஓடக் கூடாது. கணவர் வெய்னுக்கும் விலக்கில்லை. மனிதர் ஈரக் காலுறையோடு ஹாக்கி பார்த்துப் பழகிவிட்டார். மீறினால் தண்டனை உண்டு. எல்லாரும் கூட்டாக வைத்திருக்கும் வேட்டைக் குடிலின் சவுனாவுக்கு, அதாவது நீராவிக் குளியலறைக்கு, அந்தப் பருவம் முழுக்க விறகு பிளக்க வேண்டும்.

உள்ளே ரேடியோ கிடையாது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைத் துடைத்து, அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பொறி தரும் புதுப் பொட்டு பொருத்தி, வெடிமருந்தைத் தராசில் நிறுத்து ஊற்றி, பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்துவார். பிறகு டார்ச் அடித்து, மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு கூட்டின் வாய்க்குள்ளும் எட்டிப் பார்ப்பார். பேருந்தில் கடைசிப் பிள்ளை இறங்கிய பின், சீட்டுக்கடியில் எந்த வாண்டாவது தூங்குகிறதா என்று பார்க்கும் அதே டார்ச். அதற்குப் பிறகுதான் குண்டை உட்கார்த்தி வாயை இறுக்குவது.

"கடைத் தோட்டா வெடிக்கும். என்னோடது குறிக்குப் போய்ச் சேரும்" என்பார். அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. இருபது வருஷமாகக் குடிலில் அத்தனை பேருக்கும் தோட்டா அவர் கையால்தான்.

கொழுந்தன் ஆர்விட் மட்டும் அவ்வப்போது யோசனை சொல்வார். போன வருஷம் கூர்மூக்குக் குண்டுகளை வாங்கிவந்து நீட்டினார்.

"இதப் போட்டுக் குடுங்க அண்ணி. தூரமாப் போகும்."

"எங்க, உன் தாடைக்கா?"

லீவர் இழுத்துச் சுடும் அவர்கள் துப்பாக்கியில், குழலுக்கு அடியிலுள்ள குழாய்க்குள் தோட்டாக்கள் ரயில் பெட்டி மாதிரி நிற்கும். முன்னால் நிற்பதன் அடிப்பொட்டில் பின்னால் நிற்பதன் மூக்கு இடிக்கும். மூக்கு கூராக இருந்து, துப்பாக்கியும் உதைத்தால், குழாய்க்குள்ளேயே தீபாவளிதான். அதனால் தட்டை மூக்குதான் அங்கே சட்டம். "வரிசையில நிக்கத் தெரியாததுக்கு என் துப்பாக்கியில எடமில்ல" என்று மார்லிஸ் சொன்னது குண்டையா ஆர்விட்டையா என்பது இன்றுவரை தெளிவில்லை.

இந்த வருஷம் நடந்தது இதுதான். மருந்து ஊற்றி முடித்த நேரம் பேருந்து நிலையத்திலிருந்து ஃபோன். கதவைச் சாத்தி, தொப்பி பிடியில் தொங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் பேசப் போனார். திரும்பி வந்து டார்ச் அடித்தார். எல்லாம் சரியாகத் தெரிந்தது. முடித்துப் பெட்டியில் அடுக்கினார். மறுநாள் சாப்பாட்டு மேசையில், கறியும் கிழங்கும் வைத்த பாஸ்டியைக் கடித்துக்கொண்டே ஆர்விட் பெருமையடித்தார்.

"நேத்து நானும்தான் ஒத்தாச பண்ணேன். காபிக் கோப்பைய வைக்க எடமில்ல, அந்தப் பலகைய லேசா நகத்தி வச்சேன்."

மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "தொப்பி தொங்குச்சா இல்லையா?"

"தொங்குச்சு. நீங்கதான் உள்ள இல்லையே அண்ணி!"

"பலக சாஞ்சுதா?"

"சாயல... சாஞ்ச மாதிரி இருந்துச்சு. புடிச்சிட்டேன்." பலகை சாய்ந்தால் ஒரு கூட்டின் மருந்து துளி அடுத்ததில் சிந்தும், அந்த அளவு டார்ச் வெளிச்சத்துக்குத் தெரியாது.

அதற்கு மறுநாள் பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும் தொடங்கியது அடி. சுத்தியல் மாதிரி ஒரு கருவி. அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகிக் கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று விழும். மார்லிஸ் இறுக்கிய வாய் ஒரு தட்டுக்கெல்லாம் விட்டுக்கொடுக்காது. வெர்லின் வீடுவரை கேட்ட சத்தம் அதுதான். கொட்டிய மருந்தை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். நாற்பதும் அச்சு அசல் சரி.

"பாத்தீங்களா? நல்லாத்தான இருந்துச்சு! வீணா ஒடச்சீங்க" என்றார் ஆர்விட்.

"நல்லா இருந்துச்சுன்னு இப்பத்தான்டா தெரியும்."

நாற்பதையும் முதலிலிருந்து செய்தார். ஆனால் அதற்குள் குடில்காரர்கள் கமுக்கமாகக் கடைத் தோட்டாப் பெட்டி வாங்க ஆரம்பித்திருந்தார்கள். விற்றவர், பங்க்கிலேயே தோட்டாவும் வைத்திருக்கும் வெர்லின். வதந்தியையும் தோட்டாவையும் ஒரே கல்லாவில் வைத்து விற்கிற ஊர் இது. இருபது வருஷப் பெயர் மூன்று நாளில் கரையப் பார்த்தது. மார்லிஸ் நேராகப் பெட்ரோல் பங்க்குக்குப் போனார். காபி மெஷின் முன்னால் பாதிக் குடிலும் நின்றிருந்தது.

"யோவ் வெர்லின், ஆமா, ஒடச்சேன். நல்லா இருந்த நாப்பதையும் ஒடச்சேன். நீ விக்கிற பெட்டிய எவனாவது உனக்காக ஒருதடவ ஒடச்சுப் பாத்திருக்கானா?"

வெர்லின் சர்க்கரைப் பொட்டலங்களை அடுக்குவதில் மும்முரமானார். காபியில் எல்லாருக்கும் ஏதோ விழுந்த மாதிரி, கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேட்டைக்கு முந்தின சாயங்காலம் குடில் வாசலில் மார்லிஸின் பெட்டி திறந்திருந்தது. ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டார்கள். கடைப்பெட்டிகள் வண்டிச் சீட்டுக்கடியில் பிரிக்காமலே கிடந்தன. கடைசியாக ஆர்விட் வந்து கை நீட்டினார். தன் பங்கைச் சட்டைப் பையில் போட்டவர், மார்லிஸின் பார்வை போன பக்கம் பார்த்தார். சவுனா ஓரத்தில் பிளக்காத பிர்ச் கட்டைகள் குவிந்திருந்தன. ஒன்றில் கோடரி குத்தி நின்றது.

"பனி கொஞ்சம் நிக்கட்டும் அண்ணி, பொளக்குறேன்."

மார்லிஸ் கோட்டுப் பையிலிருந்து அந்த ஆரஞ்சுத் தொப்பியை எடுத்தார், ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டார், நடந்துபோய்க் கோடரிப் பிடியில் மாட்டிவிட்டு வந்தார்.