எல்லார் அப்பாவும் குலை வெட்டினார்கள்

காலையில் பாமாயில் பாக்கெட்டை வெட்டிச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மகள் நோட்டோடு வந்தாள். "அம்மா, நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு வீட்ல யாரு என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு இங்கிலீஷ்ல எழுதணுமாம்." எனக்குச் சுர்ரென்று ஏறியது. போர்ட் பிளேர் பக்கம் குட்வில் எஸ்டேட்டுக்குக் குடிவந்து இத்தனை வருடமாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை பாருங்கள்.

எண்ணெய் வாசனை வேறு சேர்ந்துகொண்டது. இதெல்லாம் ஒரு வாசனையா? எங்கள் தீவில், ஹட் பே தோட்டத்து எண்ணெய்ப்பனைப் பழத்தை நசுக்கி முகர்ந்தவர்களுக்கு இது வெறும் தண்ணீர். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அப்பா அங்கே குலை வெட்டினார். அம்மா உதிர்ந்த பழம் பொறுக்கினாள். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லார் வீட்டிலும் அதே வேலைதான்.

ஏழாம் வகுப்பில், மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த இங்கிலீஷ் சார் பாஸ்ட் கண்டினியூஸ் நடத்தினார். ஒருவர் என்றால் வாஸ், பலர் என்றால் வேர், வினையின் வாலில் இங். 'யூ' ஒருவரே ஆனாலும் வேர்தான். ஏன் என்று கேட்கக்கூடாது. பரீட்சையில் முதலாவதாக வருபவரைப் போர்ட் பிளேரில் நடக்கும் போட்டிக்குக் கப்பலில் கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் கப்பலைக் கரையிலிருந்தே பார்த்தவள். விழுந்து விழுந்து படித்தேன்.

கேள்வி இதேதான். மை ஃபாதர் வாஸ் கட்டிங் பாம் ஃப்ரூட். மை மதர் வாஸ் பிக்கிங் பாம் ஃப்ரூட். லைனிலிருந்து வந்த அத்தனை பேரும் அப்படித்தான் எழுதினோம். பார்த்து எழுதியதாகச் சொல்லி எல்லாருக்கும் முட்டை போட்டார் சார்.

"சச்சி சார், எங்கப்பா குலதான் வெட்டிக்கிட்டு இருந்தாரு," என்றேன். இந்தி கலந்த எங்கள் தீவுப் பேச்சில் சச்சி என்றால் சத்தியமாக.

"அத்தன பேரோட அப்பாவும் ஒரே வேலையா? யாருகிட்ட கத விடுற? போய் அப்பாவக் கூட்டிட்டு வா."

அப்பா வேலையிலிருந்து நேராக வந்தார். கையெல்லாம் முள் கீறல், சட்டையெல்லாம் பழக்கறை. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று நான் நிமிர்ந்து நின்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"மன்னிச்சிருங்க சார். புள்ள இனிமே பாத்து எழுதாது."

அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இன்றும் அடங்கவில்லை. போட்டிக்குக் கடைக்காரர் மகன் போனான். அவன் அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தாராம்.

இப்போது தோட்டம் இல்லை. லைன் வீடுகளைக் காடு மூடிவிட்டது. அப்பாவும் போய்விட்டார். சேர்ந்து முட்டை வாங்கியவர்களில் ஒருத்தி பாம்பூஃப்ளாட்டில் துணி தைக்கிறாள், ஒருவன் கப்பலில் சமைக்கிறான், மற்றவர்கள் மெயின்லேண்டில் எங்கெங்கோ. இன்று எங்களிடம் அதே கேள்வியைக் கேட்டால் ஒருவர் விடை இன்னொருவர் விடை மாதிரி இருக்காது. சார் எல்லாருக்கும் முழு மார்க் போடுவார்.