ஞாயிற்றுக்கிழமை மருந்தும் டப்பாவில் வந்த ரவுடிகளும்

இன்று காலை, பூச்சிமருந்து கேட்டு வந்தவருக்கு மருந்து இல்லை என்று சொல்லிவிட்டேன்!

(அலமாரி நிறைய இருந்தது. ராபர்ட்சன்பேட்டையில் கடை போட்டதிலிருந்து இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.)

வந்தவர் மாரிகுப்பம் விஜயா. அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து அவரைச் செடி போட்டிருக்கிறார். கவுன்டரில் ஒரு தயிர் டப்பாவை வைத்தார். உள்ளே, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிய அவரை நுனி, அதன்மேல் முள்ளு முள்ளாக நாலு கறுப்புப் புழு.

"அண்ணே, அசுவினியே போவல. இப்ப இதுவும் சேந்துகிச்சு. ரெண்டுக்கும் சேத்து ஒரே மருந்தா குடுங்க."

"இது பொறிவண்டோட குட்டிம்மா. அசுவினிய துன்ன வந்திருக்கு."

"இதுவா? மூஞ்சப் பாத்தா ரவுடி மாதிரி கீது!"

"ரவுடிதான். ஆனா நம்ம ஆளு. கொஞ்சம் நின்னு பாரு."

இருவரும் டப்பாவுக்குள் தலையை விட்டோம். ஒரு புழு அசுவினி ஒன்றைக் கவ்வி உறிஞ்சியது. அடுத்ததற்கு நகர்ந்தது.

விஜயா டப்பாவை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார்!

"எப்பெப்ப மருந்து அடிக்கிற?"

"ஞாயித்துக்கெழம."

"பூச்சி கம்மியா இருந்தாலுமா?"

"வூட்டுக்காரருக்கு அன்னிக்குதானே அண்ணே லீவு! மத்த நாளு பெங்களூர் ரயில்ல போய்ட்டு இருட்டுனப்புறம் வராரு. டேங்க்க யாரு தூக்குறது?"

சிரிக்கத்தான் வந்தது. சிரிக்க முடியவில்லை. அந்த மருந்தை விற்றவன் நான். ஒரு கேள்வியும் கேட்காமல் நாலு வாரம் எடுத்துக் கொடுத்தேன்.

அது அசுவினியையும் கொன்றது, அதைத் தின்னும் வண்டையும் கொன்றது. அசுவினி சில நாளில் பெருகிவிடும். வண்டு அத்தனை வேகமாகத் திரும்பாது. காவல்காரனை அடித்துப் போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்த கதை!

"பூ வந்துடுச்சு அண்ணே. இந்தப் பறிப்பு போச்சுன்னா நெலத்துக்காரரு அடுத்த வருசம் வேற ஆளுக்கு உட்ருவாரு."

குரல் இறங்கிவிட்டது.

"ரொம்ப அப்பின நுனிய மட்டும் கிள்ளிப் போடு. இந்தப் புழு இருந்தா அந்த நுனியத் தொடாத. மத்த செடிக்கு வெறும் தண்ணி வேகமா அடி, அசுவினி உதுந்துடும்."

"மருந்துக் கடையில உக்காந்துகினு மருந்து வாணாங்கிறீங்க. உடம்பு நல்லாதானே கீது?"

"இது தோத்தா நஷ்டம் என்னுதும்மா. வெச்சுக்கலாமா பந்தயம்?"

"ஜெயிச்சா உங்களுக்கு இன்னா?"

"மொதல் பறிப்புல அஞ்சு கிலோ அவரை."

"அஞ்சா! ரெண்டு."

பேசி முடித்தது இது: இரண்டு ஞாயிறு மருந்து கிடையாது. புதன்கிழமைதோறும் நான் நேரில் போய்ச் செடியைப் பார்க்க வேண்டும். அசுவினி ஏறினால், வண்டுக்கு அதிகம் கெடுதல் செய்யாத மருந்து என் செலவில். இறங்கினால் எனக்கு மூன்று கிலோ அவரை. கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்குவது என் பொறுப்பு.