குடோன் சுவர் வரைக்கும்

எங்கள் ஏரிக்கு மலைத் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைத்துத்தான் ஊர் மண்டிக்காரர் மஞ்சள் குடோன் கட்டினார். எழுபதுகளின் தொடக்கம். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம் எங்கள் ஊர். டீக்கடை வாசலில் அப்பா அவரைக் கும்பிட்டு, "ஏனுங்க, வாய்க்கால மட்டும் உட்டுப்போட்டுக் கட்டுங்க" என்றார்.

"ஏரிக்குத் தண்ணி வேணும்னா நீ கொடத்துல மொண்டுட்டுப் போய் ஊத்து."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நான் அப்பாவின் பின்னால் நின்றிருந்தேன்.

ஏரி நிரம்பாமல் எங்கள் கிணறு வற்றியது. எருதுகளை விற்றுவிட்டு, அதே குடோனுக்கு மூட்டை தூக்கப் போனார் அப்பா.

சில வருடங்கள் கழித்து உள்ளூர்ப் பள்ளிக்கே பூகோள ஆசிரியராக வந்து சேர்ந்தேன். புத்தகத்தில் கங்கை இருந்தது, எங்கள் ஓடை இல்லை. ஒன்பதாம் வகுப்பை மலையடிவாரத்துக்கு நடத்திப் போனேன். பாறையில் விழும் மழை எந்தப் பள்ளத்தில் சேர்கிறது, எந்தக் கிணறு எதனால் ஊறுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். உண்மையான அக்கறையோடுதான் கற்றுக்கொடுத்தேன். ஆனால் என் கண் அந்தக் குடோன் சுவரை விட்டு அகலவில்லை.

கோடையில் முகாம் போட்டு மலையடிவாரத்திலிருந்து வாய்க்காலைத் தூர்வாரினோம். வேலிமுள்ளை வெட்டி, மண்ணை அள்ளி, குடோனின் பின்சுவர் வரைக்கும் வந்துவிட்டோம்.

"இந்தச் செவுத்த என்னங்க சார் பண்றது?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"அதத் தொடக்கூடாது. அந்தப் பக்கம் போய் மறுபடி ஆரம்பிங்க."

"மழ வந்துச்சுன்னா?"

"வரட்டும்."

அவள் மலையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைமேல் கொட்டித் தீர்த்தது. குடோனில் ஆளில்லை. வெள்ளம் பின்சுவரைச் சாய்த்து, முன்கதவைப் பிய்த்துக்கொண்டு ஏரிக்குப் போனது. ஊறிய மஞ்சள் மூட்டைகளை ரோட்டில் நின்று ஆசை தீரப் பார்த்தேன்.

மறுநாள் தலைமையாசிரியர் அறையில் மண்டிக்காரர் கத்தினார். "வேணும்னே பண்ணிப்போட்டாருங்க இந்த வாத்தியாரு!"

"உங்க செவுத்துல ஒரு கீறலாவது போட்டமுங்களா?" என்றேன். அவர் முகம் போன போக்கு எனக்கு இனித்தது.

அதற்குப் பிறகு அவர் அங்கே கட்டவில்லை. ஏரி நிரம்பியது.

மண்டிக்காரர் கத்திய அன்று இரவு, நனைந்த மூட்டைகளைச் சுமந்துவிட்டு முழங்கால் வரை மஞ்சளோடு வந்த அப்பா, சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டார்: "ஏஞ்சாமி, தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"ஆமாங்கப்பா."

அப்பா தட்டை அம்மாவிடம் நீட்டினார். "இன்னுங் கொஞ்சம் சோறு போடு" என்றார்.