ஷீலாவின் வாக்கு

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடி ஷீலாவுக்கு வாய் நீளம். அடையாறில் சில வீடுகளுக்குச் சமையல். எந்த ஐயாவுக்கு உப்பு குறைக்க வேண்டும், எந்த அம்மாவுக்குப் பூண்டு ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. போன பொங்கலுக்கு நீங்கள் சொன்ன பொய்யை இந்தப் பொங்கலுக்கு எடுத்து வைத்துச் சிரிப்பாள்.

கத்திரி வெயிலில் அவளுக்கு அம்மை போட்டது. மாமியார் முனியம்மாள் வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, காய்ச்சல் மாத்திரைகளைக் குப்பையில் போட்டாள். வீட்டுக்கு வந்திருக்கும் அம்மனை மருந்து கொடுத்து விரட்டக் கூடாது. இதில் அந்த பிளாக்கில் யாருக்கும் சந்தேகமில்லை, ஷீலாவுக்கும்தான்.

கொப்புளங்கள் காயத் தொடங்கியபோது தலைவலி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஆட்டோ ஓட்டும் புருஷன் டில்லிபாபுவிடம் தெளிவாகத்தான் சொன்னாள்.

“தல வெடிக்குதுய்யா. என்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ.”

அவன் சாவியை எடுத்தான்.

“ஆத்தா சோதிக்கிறாடா,” என்றாள் முனியம்மாள். “தலைக்குத் தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டுனா குடும்பமே வெளங்காது.”

சாவியை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டான், கோழைப்பயல்.

மறுநாள் ஷீலா உளறினாள். அதை வாக்கு என்றார்கள். அக்கம்பக்கம் எலுமிச்சம்பழத்தோடு வந்து உட்கார்ந்தது. தன் மகள் கல்யாணம் எப்போது என்று ஒருத்தி கேட்டதற்கு, ரெண்டு விசில் வந்துவிட்டது, குக்கரை இறக்கு என்றாள் ஷீலா. அப்படியென்றால் இரண்டு மாதம் என்று சொல்லிக் கற்பூரம் ஏற்றினார்கள். வலிப்பு வந்து உடம்பு முறுக்கியபோது, அருள் முற்றிவிட்டதென்று மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். நினைவு தப்பிய பிறகுதான் ஆட்டோ கிளம்பியது.

டாக்டர் டில்லிபாபுவை உட்காரவைத்துச் சொன்னார். மூளையிலுள்ள ரத்தக் குழாய்களின் சுவர் நெருக்கித் தைத்த துணி மாதிரி. வேண்டாததை உள்ளே விடாது. கிருமியோடு உடம்பு போராடும்போது அழற்சி மூண்டால், சில பேருக்கு அந்தத் தையல் விட்டுப்போகும். ரத்தத்தில் திரிவதெல்லாம் மூளைக்குள் கசிந்து அதை வீங்க வைத்துவிடும். தலை வலிக்கிறது என்ற அன்றைக்கே கூட்டி வந்திருந்தால் பெரும்பாலும் மூளையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அவன் தலையாட்டிவிட்டு வந்தான்.

உயிர் பிழைத்தாள். ஆனால் அடுப்பு தெரியவில்லை, பெற்ற மகளைத் தெரியவில்லை. இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் முனியம்மாள் அவளுக்கு மஞ்சள் சேலை சுற்றி, நெற்றி நிறையக் குங்குமம் அப்பி நாற்காலியில் உட்காரவைக்கிறாள். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். ஏற்றிக்கொண்டு வருவது டில்லிபாபுவின் ஆட்டோ. எனக்கு வயிறு எரிகிறது.

ஷீலாவிடம் முழுதாக மிஞ்சியிருப்பது ஒரே வாக்கியம். எப்போதாவது கூட்டத்தைப் பார்த்து அதைச் சொல்வாள்.

“என்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ.”

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.